அந்த இடத்தில் ஆள் இருக்கு

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. உயிரோடு இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. கொச்சியில் எட்டு மாதம், பெங்களூரில் ரெண்டு வருஷம் என்று கிடாரைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அப்போதுகூடக் கடை போனில் "எப்ப வாறீக?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்றும் தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

முதலில் வீட்டு விஷயம். பின்பக்கத் தகரம் காற்றில் போனது, மாற்றியாயிற்று. இந்த மழையில் ஏலச்செடிக்கு அழுகல் வந்து சாந்தன்பாறை முழுக்க ஒரே புலம்பல். நான் இன்னும் ஏலக்காய் ஸ்டோருக்குத்தான் போகிறேன். காலையிலிருந்து மேஜையில் குவிந்த காயை விரலால் தள்ளித் தள்ளி வெடித்தது, கறுத்தது, பூச்சி அரித்தது என்று பொறுக்கிப் போடுகிற அதே வேலை. "நீ மனுஷங்களையும் அப்படித்தான் பொறுக்குற" என்று சிரிப்பீர்களே. சிரியுங்கள். முப்பது வருஷமாகக் கெட்ட காயைத் தேடியே பழகிய கண்ணுக்கு வேறு எதுவும் சீக்கிரத்தில் தெரியாது.

ஆடி மழையில் ஒரு மத்தியானம் ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முதுகில் கிடார். ஜீன்ஸ் முழங்கால் வரை சேறு. வாசலில் நின்று, "ஆன்ட்டி, இது சாரோட வீடாணோ?" என்று கேட்டாள். எந்தச் சார் என்றேன். உங்கள் பேரைச் சொன்னாள். நான் ஒரு நாளும் வாயால் சொல்லாத பேர். அவள் அதற்குப் பிறகு நாலு வார்த்தைக்கு ஒரு தடவை அதைச் சொன்னாள், என்னவோ அவள் வைத்த பேர் மாதிரி.

கொச்சிக்காரி. டெல்னா என்று பேர். உள்ளே வந்ததும் அவள் கண் சுவரெல்லாம் போயிற்று. எதையோ தேடுகிறாள் என்று எனக்கு உடனே பட்டது. கேட்டே விட்டாள்: "சாரோட கிடார் ஒண்ணு காணான் பற்றுமோ? தொட மாட்டேன், சும்மா பாத்தா போதும்."

"வித்துட்டேன்" என்றேன்.

பரண் மேல் ஏலக்காய்ச் சாக்குக்குள் அது கிடந்தது. அவள் தலைக்கு நேர் மேலே. பொய் சொன்னதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் வாடியது, கண் கலங்கியது. ஒரு கிடாருக்காகக் கண் கலங்க வேண்டும் என்றால் என்ன உறவு? எனக்கு அங்கேதான் முதல் உறுத்தல். அவளுக்குப் பால் விடாமல் கட்டன்சாயா போட்டேன். ஏலக்காய் போடாமல் போட்டேன். ஏலம் பொறுக்குகிறவள் வீட்டில் அப்படி ஒரு சாயா கொடுத்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. நல்லாயிருக்கு என்று குடித்தாள்.

பிறகு போனை எடுத்து எனக்குக் காட்டினாள். கொச்சியில் ஒரு பையன், பெங்களூரில் ஒரு சர்தார், கோவாவில் ஒரு தாடிக்காரர், கடைசியில் இவளே. எல்லாரும் உங்கள் பாட்டை வாசிக்கிறார்கள். நீங்கள் பேரே வைக்காத அந்தப் பாட்டு. ஜாஸ் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆரம்பித்துவிட்டு, வழியில் தொலைத்துவிட்டு, கடைசிவரை தேடுவது மாதிரி இருக்கும் என்று நான் சொல்வேன். அதைத்தான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்த விரல் சட்டென்று நின்று, தாளத்துக்கு நாலு தட்டு சும்மா இருந்துவிட்டு, மறுபடியும் ஓடியது.

"என்ன, எல்லாருக்கும் அங்க மறந்து போச்சா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மூணாறு ரிசார்ட்டில் இருபது வருஷமாக நீங்கள் வாசித்ததை டூரிஸ்ட்டுகள் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களாம். அதை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாளாம். "சார் ஒரு தடவை வாசிச்ச மாதிரி இன்னொரு தடவை வாசிக்க மாட்டார் ஆன்ட்டி. எல்லாம் மாறும். அந்த நாலு தட்டு மட்டும் மாறாது. இப்ப கொச்சியில அதைப் பாடமாத்தான் படிப்பிக்கிறாங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா சாரோட பாண்டில பாடியிருக்காங்க. லில்லி. அந்த இடத்தில சார் எப்பவும் கதவைப் பாப்பாராம். ஒரு நாள் டிரம்ஸ்காரர் அதை நிரப்பப் பாத்தப்போ, கையைப் பிடிச்சு நிறுத்தி, 'அங்க ஆள் இருக்கு'ன்னு சொன்னாராம். பஸ்ஸில சீட்டுக்குச் சொல்லுமே, அது போல. யாருன்னு கேட்டா சிரிப்பாராம். அதைக் கேக்கத்தான் வந்தேன் ஆன்ட்டி. ஆரா அந்த ஆள்?"

அவள் குடித்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கதவைப் பார்த்தீர்களா? கொச்சியில் ஒரு கதவு, மூணாறில் ஒரு கதவு. யார் வருவாள் என்று? இதே வீட்டில், இதே அடுப்புக்கு முன்னால் இருந்த எனக்கு அது தெரியாதே. அவளிடம் எனக்கு எதுவும் தெரியாது, மழை விட்டது, கிளம்பு என்றேன். படியிறங்கும்போது, எத்தனை வயசு என்று மட்டும் கேட்டேன். இருபத்தாறு என்றாள். நீங்கள் கொச்சியிலிருந்து திரும்பி இருபத்தேழு வருஷம் ஆகப் போகிறது.

பக்கத்து வீட்டு மாரி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் திரும்புவதற்குள் வந்துவிட்டாள்.

"மதினி, அந்தப் புள்ள மூக்கப் பாத்தீகளா?"

"ஏன், மூக்குக்கு என்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. அண்ணன் மூக்க அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

அவளை அன்றைக்குத் திட்டி அனுப்பினேன். ஆனால் போட்ட விதை முளைத்துவிட்டது. நமக்குப் பிள்ளை இல்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, டாக்டர் சொன்னதைக் கேட்டு, ஒரு நாள் ரெண்டு பேரும் அந்தப் பேச்சையே நிறுத்திக்கொண்டோம். குறை என்னிடம்தான் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தீர்கள். அந்த மௌனத்துக்கு இத்தனை வருஷமாக ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். அன்றைக்கு அது கலைந்துபோயிற்று. இவருக்கு என்ன கவலை, வேறு இடத்தில் பிள்ளை இருந்தால் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

மூன்று நாள் உங்கள் பெட்டியைக் குடைந்தேன். அறுந்த தந்திகளைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருக்கிறீர்கள், எதற்கு? எஸ்டேட் கிளப்பில் நீங்கள் மேஜை துடைத்த காலத்துச் சட்டை ஒன்று இருந்தது, பட்டன் கழுத்து வரை. அந்தக் கிளப்புக்குச் சனிக்கிழமை வாசிக்க வந்த பாண்டில் கிடார்க்காரனுக்குக் காய்ச்சல் வந்ததும், தட்டை வைத்துவிட்டு நீங்கள் மேடையேறியதும் எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டே எல்லாப் பாட்டையும் மனப்பாடம் பண்ணியிருந்தீர்கள். எஸ்டேட் லயத்துக் கூலிவீட்டில் பிறந்தவன் துரைமார் பாட்டை வாசிக்கிறானே என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்தக் கதையைத்தான் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் சொன்னீர்கள். நான் நம்பவில்லை.

சட்டைக்கு அடியில் ஒரு போட்டோ. கொச்சி ஹோட்டல். நீங்கள் ஓரத்தில் நிற்கிறீர்கள். நடுவில் மைக் பிடித்து ஒரு வெள்ளைப் புடவைக்காரி. அழகாகத்தான் இருந்தாள். பரணிலிருந்து கிடாரை இறக்கி, சாக்கை அவிழ்த்து, அதைப் பார்த்துக் கண்டபடி திட்டினேன். மாரி வேலிக்கு அந்தப் பக்கம் இருமினாள்.

நாலாம் நாள் ரிசார்ட்டுக்குப் போனேன்.

ஆமாம், நான்தான். நீங்கள் எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்! "ஒரு தடவ வந்து கேளு பேச்சி, கடைசி வரிசையில உக்காரு, பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிரு." குடிச்சிட்டு ஆடுற எடத்துக்கு நான் எதுக்கு என்பேன். உண்மையான காரணம் அது இல்லை. வந்தால் எதையாவது கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயம். உங்கள் ஸ்வெட்டர் அங்கே கிடக்கும், எடுக்க வந்தேன் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். பாரில் பென்னி என்று ஒருவர் இருக்கிறாரே, கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டுக் கை கூப்பினார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"பாட்டுக்கு நடுவுல நிறுத்திட்டு யாரையோ பாப்பாராமே?"

"ஆமா சேச்சி. எல்லா நாளும். அந்தக் கதவத்தான்."

அவர் காட்டிய பக்கம் திரும்பினேன். வாசல் கதவு இல்லை. ஆடுகிற கதவு, தட்டு கொண்டுவருகிறவர்கள் காலால் தள்ளிக்கொண்டு வருகிறது.

"அது எங்க போகுது?"

"கிச்சனுக்கு."

"கிச்சன்ல பொம்பளைங்க யாரு?"

பென்னி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குக் எல்லாம் ஆம்பளைங்க சேச்சி. பாத்திரம் கழுவ ஒரு அம்மா வருவாங்க. அவங்களுக்கு எழுபது வயசு இருக்கும்."

எழுபது என்றால் விட்டுவிட முடியுமா? நீங்கள் அங்கே சேர்ந்தபோது அந்த அம்மாவுக்கு ஐம்பதுதானே. பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பஸ்ஸில் பூப்பாறை தாண்டின பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா வாந்தி வருகிறதா என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, டெல்னா எழுதி வைத்துவிட்டுப் போன நம்பருக்குப் போன் செய்தேன். "கிடார விக்கல. வா" என்றேன். அன்பாகக் கூப்பிட்டேன் என்று நினைக்காதீர்கள். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பது போலத்தான் அந்தக் கிடாரை மேஜைமேல் வைத்தேன். அவள் வந்து அதில் மயங்கி நிற்கும்போது, உன் அப்பா யார் என்று நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கிடாரைப் பார்த்தாள், தொடவில்லை. அதற்குப் பதிலாகத் தன் பையிலிருந்து பழைய டேப்ரிக்கார்டர் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். முந்தின தடவை அவள் அழுதுகொண்டு திரும்பியதைப் பார்த்து அவளுடைய அம்மா வீட்டையே புரட்டி ஒரு கேஸெட்டைத் தேடி எடுத்தாளாம். கொச்சிப் பாண்டில் சேருவதற்கு முன்னால், பாட்டைப் படித்து வைத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் இங்கிருந்து அனுப்பியது. நோட்டு எழுதத் தெரியாதவர் கேஸெட்டில்தானே அனுப்ப முடியும்.

அவள் பொத்தானை அமுக்கினாள். முதலில் மழைச் சத்தம். பிறகு நீங்கள். விரல் தந்தியில் வழுக்குகிற அந்தக் கீச்சு. பாட்டு போயிற்று, போயிற்று, அந்த இடம் வந்தது. நின்றது.

"ஏங்க, சோறு வடிச்சாச்சு. ஆறிப் போகுது. வாறீகளா, இல்லியா?"

ஒரு பொம்பளை. குரலில் என்ன ஒரு எரிச்சல்! யாருடா இவள் என்று ஒரு நொடி நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் குரல் எனக்கே தெரியவில்லை.

நாலு தட்டு. நீங்கள் பதில் சொல்லவில்லை. கிடார் மறுபடியும் ஆரம்பித்தது.

டெல்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஆரோட சப்தம் ஆன்ட்டி?" என்றாள். கேட்க வேண்டியதே இல்லை, நான் பேசினதைத்தான் அவள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருந்தாளே. மெதுவாக எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். எனக்கு அப்போதும் சந்தேகம் விடவில்லை. இது ஏதோ ஜோடனை, போனில் எல்லாம் செய்கிறார்களே என்றேன். அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டு போனை என் காதில் வைத்தாள்.

லில்லியின் குரல் கட்டிப்போய் இருந்தது. பாடுகிறவள் குரல் என்றே சொல்ல முடியாது. "சேச்சி, நாங்க அந்தக் கேஸெட்டைக் கேட்டுத்தான் படிச்சோம். நடுவில ஒரு ஸ்திரீ ஏதோ சொல்லுது. எங்களுக்கு அப்ப தமிழ் அவ்வளவா தெரியாது. அந்த சப்தத்தை விட்டுட்டு, நாலு எண்ணிட்டு மேல வாசிக்கணும்னு நினைச்சோம். பாட்டே அப்படித்தான்னு நினைச்சோம். அவர் வந்த முதல் நாள் வாசிச்சுக் காட்டினோம். அந்த இடம் வந்ததும் அவர் சிரிச்சார். சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல வெள்ளம். தப்பான்னு கேட்டோம். தப்பு இல்ல, அப்படியே இருக்கட்டும்னார். டிரம்ஸ்காரர் அங்க கைய வச்சப்பத்தான், 'அங்க ஆள் இருக்கு'ன்னார்."

"அந்த டிரம்ஸ்காரர் யாரு?" என்றேன். கேட்காமல் விடுவேனா?

"என் வீட்டுக்காரர். வீட்டுலயும் எல்லாரும் டிரம்ஸ்காரர்னுதான் சொல்லுவோம். மோளுக்கு அவளோட அப்பன் மூக்கு, பாத்தீங்களா?"

டெல்னா போனில் போட்டோ காட்டினாள். அதே மூக்கு, கூடக் கொஞ்சம் பெரியது. மாரியைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். "நான் மூக்குன்னுதான் சொன்னேன், யாரு மூக்குன்னு சொன்னேனா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அது உங்கள் மூக்கு இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் அதற்கு அடியிலேயே ஒரு ஏமாற்றம் இருந்தது. உங்களுடையது என்று ஒன்று இந்த உலகத்தில் நடமாடுகிறது என்று ஒரு வாரம் நம்பி, அதை வெறுத்து, அதற்காகவே தூங்காமல் கிடந்திருக்கிறேன். அது இல்லை என்றதும் வீடு இன்னும் கொஞ்சம் காலியாகிவிட்டது. அடுப்படிக்குப் போய் முதல் தரக் காய் நாலை நசுக்கிப் போட்டு, பால் ஊற்றி, சாயா போட்டுக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டு டெல்னா, "அன்னிக்குக் குடுத்தது இது இல்லையே!" என்றாள்.

பிறகு வாசிக்கச் சொன்னேன். உங்கள் கிடாரிலேயே. அந்த இடம் வந்தது. அவள் நிறுத்தினாள். எத்தனை ஆயிரம் தடவை இந்த வீட்டில் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பேன்! ஆனால் அதற்குள் இப்படி ஒரு இடைவெளி இருந்தது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அது வரும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து நான்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது என் கேள்வி. கேஸெட்டில் இருப்பது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வீட்டில் தினமும் எப்படி? உலை கொதிக்கிற நேரம் பார்த்துத்தான் அந்தப் பாட்டை எடுப்பீர்களா? வடிக்கிற நேரம் பார்த்து அந்த இடத்துக்கு வந்து சேருவீர்களா? நான் கேட்கிறேன் என்று தெரிந்தே காத்திருந்தீர்களா? அப்படியென்றால் ஒரு தடவையாவது "வாறேன்" என்று ஏன் சொல்லவில்லை? ஆசையாக வைத்தீர்களா, இல்லை, என் பொண்டாட்டி எப்படி நச்சரிக்கிறாள் என்று கொச்சிக்காரர்களிடம் கேலி பண்ணினீர்களா? சிரித்தீர்கள் என்கிறாள் லில்லி. கண்ணில் தண்ணீர் வந்தது என்கிறாள். ரெண்டில் எதை நம்புவது?

சொல்ல மாட்டீர்கள். இருக்கும்போதே சொல்லாதவர். பெங்களூர் ரெண்டு வருஷத்தைப் பற்றி நான் இன்னும் விசாரிக்கவே ஆரம்பிக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷம் திரும்புகிற அன்றைக்குக் கொச்சியில் உங்களுக்காக ஒரு கச்சேரி வைக்கிறார்கள். அந்தப் பையன், சர்தார், தாடிக்காரர் எல்லாரும் வருகிறார்களாம். டெல்னா உங்கள் கிடாரில் வாசிப்பாள். எழுதி வாங்காமல்தான் கொடுத்திருக்கிறேன், நம்ப மாட்டீர்கள். வருகிறவர்கள் கையில் கொடுக்கிற தாளில் போட நாலு வரி எழுதிக் கேட்டாள். நாலு வரி இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அந்த ஆள் யார் என்று இத்தனை வருஷம் தெரியாமல் நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

நான் போகிறேன். மாரியும் துணைக்கு வருகிறாள். கடைசி வரிசை இல்லை, முன் வரிசை. அந்த இடம் வரும்போது அத்தனை பேரும் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள், எனக்கு 'வாறீகளா'ன்னு வாய் வரை வரும். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக. அன்றைக்கு நான் கேட்க மாட்டேன். சோறு ஆறினால் ஆறட்டும், சூடு பண்ணிக்கொள்ளலாம். நீங்கள் வாசித்து முடித்துவிட்டே வாங்க.

இப்படிக்கு,
அந்த இடத்து ஆள்,
உங்கள் வீட்டுக்காரி
பேச்சியம்மாள்
சாந்தன்பாறை